பூர்வக்குடி மக்களுடன் உறவைச் சீர்செய்ய வீடமைப்பு அமைப்புகள் செய்ய வேண்டியவை

கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் பொது வீடமைப்புத் துறையில் தமிழர்களாகிய நம்மவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். தொழில்நுட்ப உதவியாளர்களாகவும் கட்டுமானக் குத்தகையாளர்களாகவும் நகராண்மைக் கழக உறுப்பினர்களாகவும் நாள்தோறும் வீட்டுக் கோப்புகளைக் கையாளுகிறார்கள். தீபகற்ப மலேசியாவின் பூர்வக்குடி மக்களான ஓராங் அஸ்லியின் கிராமம் ஒன்றுக்கு வீடு கட்டும் திட்டமோ, அம்மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் திட்டமோ அவர்கள் மேசைக்கு வரும்போது எதை முதலில் கேட்பது, எந்தக் கட்டத்தில் வேலையை நிறுத்தி வைப்பது, எதில் கையெழுத்திடாமல் இருப்பது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நானும் இந்நகரில் அத்தகைய ஓர் அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்தவன். கீழே வருபவற்றில் சில, தவறு நடந்து முடிந்த பிறகு கற்றுக்கொண்டவை.

கனடாவில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ஆம் ஆண்டில் 94 நடவடிக்கைகளைக் கோரி அறிக்கை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் 2006 முதல் அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் நல்லிணக்கச் செயல்திட்டங்களை எழுதி வருகின்றன. அங்கிருந்தே 'நல்லிணக்கம்' என்ற சொல் வீடமைப்புத் துறைக்குள் நுழைந்தது. தமிழில் 'நல்லிணக்கம்' என்றவுடன், சண்டையிட்டுப் பிரிந்த இரு பங்காளிகள் மீண்டும் ஒரே பந்தியில் உட்காரும் காட்சி மனத்தில் எழுகிறது. இங்கே நடந்தது பங்காளிச் சண்டை அன்று. ஒரு தரப்பு இடத்தைக் காலி செய்யச் சொன்னது, மறுதரப்பு காலி செய்தது. ஆகவே 'உறவைச் சீர்செய்தல்' என்ற சொல்லையே நான் விரும்புகிறேன். உடைத்தவர் யாரோ அவரே முதலில் கையில் கருவியை எடுக்க வேண்டும் என்ற பொருள் அதில் இருக்கிறது.

நிலக் கோப்பிலிருந்து தொடங்குங்கள்

தீபகற்ப மலேசியாவில் ஏறத்தாழ 2 லட்சம் ஓராங் அஸ்லி மக்கள் வாழ்கிறார்கள். நெகிரிட்டோ, செனோய், மலாயு அஸ்லி என்ற மூன்று பெரும் பிரிவுகளுக்குள் 18 இனக்குழுக்கள் அரசாங்கக் கணக்கில் உள்ளன. கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கோம்பாக், உலு லங்காட், டிங்கில் வட்டாரங்களில் இருப்போர் பெரும்பாலும் தெமுவான் மக்கள். கேரித் தீவில் இருப்போர் மா மெரி மக்கள். எந்த இனக்குழுவுடன் பேசுகிறோம் என்பது கூடத் தெரியாமல் 'ஓராங் அஸ்லி வீட்டுத் திட்டம்' என்று கோப்புக்குத் தலைப்பிடும் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

வீடு எங்கே நிற்கப் போகிறதோ அந்த நிலத்தின் நிலையை அறிவது அடுத்த வேலை. இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின்படி ஓராங் அஸ்லி நலன் கூட்டரசு அரசாங்கத்தின் பொறுப்பு, நிலம் மாநிலத்தின் அதிகாரம், வீடமைப்போ இரு தரப்புக்கும் பொதுவானது. எனவே ஒரே கிராமத்தைப் பற்றி மூன்று அலுவலகங்களில் மூன்று கோப்புகள் இருக்கும். மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. 1954ஆம் ஆண்டின் பூர்வக்குடி மக்கள் சட்டம், அதாவது 134ஆவது சட்டம், பூர்வக்குடிப் பகுதி என்றும் பூர்வக்குடி ஒதுக்கீட்டு நிலம் என்றும் அறிவிக்க மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட நிலத்தில் குடியிருக்கும் அனுமதி வழங்கப்பட்டாலும், அதைப் பெற்றவர் நிலவுடைமையாளர் விரும்பும் வரை தங்கும் குடியிருப்பாளர் என்ற நிலைக்கு மேல் போக முடியாது என்று அச்சட்டமே சொல்கிறது. வீட்டுச் சாவியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நாளில், அந்த வீட்டின் அடியில் இருக்கும் மண்ணைப் பற்றி எவரும் எதுவும் சொல்வதில்லை.

இந்தப் பிரச்சினை நீதிமன்றத்தில் எப்படித் தீர்ந்தது என்பதை வீடமைப்பு அதிகாரி ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக, 1990களின் நடுவில் டிங்கிலை அடுத்த புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் நிலத்தில் ஒரு பகுதி எடுக்கப்பட்டது. வீடுகளுக்கும் மரங்களுக்கும் பயிர்களுக்கும் பணம் தரப்பட்டது, நிலத்துக்குத் தரப்படவில்லை. நிலம் அவர்களுடையது அன்று என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சகோங் தாசியும் அவருடைய கிராமத்தாரும் தொடுத்த வழக்கில் 2002ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், வழிவழியாக வாழ்ந்துவரும் நிலத்தின் மீது அவர்களுக்கு உடைமை உரிமை உண்டு என்றும், மற்ற நில உரிமையாளர்களுக்குத் தருவதைப் போலவே 1960ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டப்படி அவர்களுக்கும் இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய 2005ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பு அதை உறுதி செய்தது. 2010ஆம் ஆண்டில் 65 லட்சம் ரிங்கிட்டுக்கு இணக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இழுபட்ட அந்த வழக்கிலிருந்து வீடமைப்பு அமைப்பு எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு: அரசிதழில் வராத நிலமும் வழக்காற்று நிலமாக இருக்கலாம். 'அரசாங்க நிலம், தடையில்லை' என்று நில அலுவலகம் எழுதித் தரும் ஒரு வரியை மட்டும் நம்பி அடித்தளம் தோண்டக் கூடாது.

ஆகவே நில அலுவலகத்தையும், 2011ஆம் ஆண்டில் இப்பெயர் பெற்ற ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜக்கோவாவையும், கிராம மக்களையும் தனித்தனியே கேளுங்கள். மூன்று பதில்களையும் ஒரே தாளில் அருகருகே எழுதி, எங்கே முரண்படுகின்றன என்று பாருங்கள். அதன் பிறகு கிராமத்து முதியவர்களுடனும் இளைஞர்களுடனும் நடந்துபோய் வரைபடம் தயாரியுங்கள். இடுகாடு, டுரியான் மரங்களும் பெத்தாய் மரங்களும் நிற்கும் டூசூன் எனப்படும் பழத்தோட்டம், பிரம்பு எடுக்கும் காடு, மீன் பிடிக்கும் ஆற்று வளைவு, வேட்டைக்கும் சேகரிப்புக்கும் அலையும் பகுதி ஆகிய அனைத்தும் அதில் வர வேண்டும். மரத்தின் வயதைக் கேட்டால் அதை நட்ட பாட்டனின் பெயர் வரும், அந்தப் பெயரோடு குடும்ப வரலாறும் வரும். நில அளவையாளரின் தாளில் அந்த இடம் வெறும் 'புதர்' என்று குறிக்கப்பட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்த வரைபடத்தின் மூலப்படி கிராமத்திடம் இருக்க வேண்டும். அலுவலகத்துக்கு நகல் போதும்.

நிலத்தைப் பற்றி மேலும் ஒரு விதி. வீட்டை நிலத்துக்கு விலையாக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) பூர்வக்குடிச் சமூகங்களுக்குப் புது வீடு வேண்டுமானால் நிலத்தை 40 ஆண்டுக் குத்தகைக்கு அரசாங்கத்திடம் தர வேண்டும் என்று ஒரு காலத்தில் நிபந்தனை விதிக்கப்பட்டது. வீட்டுத் தேவையில் தவிக்கும் மக்கள் கையெழுத்திட்டார்கள். அதை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கேயும் 'புதிய வீடு வேண்டுமானால் சாலையோரத்துக்கு வாருங்கள்' என்ற பேச்சு இனிமையான குரலில் வருவதுண்டு.

அலுவலகத்தின் சொந்தக் கணக்கு

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களுக்கு உணவு கிடைக்கக் கூடாது என்பதற்காக ஓராங் அஸ்லி மக்கள் காட்டிலிருந்து முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நோயாலும் மனச்சோர்வாலும் பலர் மாண்டார்கள். 134ஆவது சட்டமும் அவர்களுக்கான அரசுத் துறையும் அந்தச் சூழலில் பிறந்தவை. பிற்பாடு மறுகுடியமர்வுத் திட்டங்கள் வந்தன. கோலகுபு பாருவை அடுத்து சிலாங்கூர் ஆற்று அணை கட்டப்பட்டபோது பெர்தாக், கெராச்சி கிராமத்து தெமுவான் மக்கள் இடம் மாறினார்கள். புக்கிட் லஞ்சான் தெமுவான் மக்களின் காடு இன்று டாமான்சாரா பெர்டானாவின் அடுக்குமாடிகளாக நிற்கிறது. அவர்கள் அங்கேயே டேசா தெமுவானில் கல் வீடுகளில் வாழ்கிறார்கள். இவற்றுள் எதில் உங்கள் அமைப்பு கையெழுத்திட்டது, எதில் வீடு கட்டியது, எதில் வேலியை மட்டும் போட்டது என்பதை ஆவணக் கிடங்கில் தேடி எழுதுங்கள். பொதுவாக 'வரலாற்றுத் தவறுகளுக்கு வருந்துகிறோம்' என்று ஓர் அறிக்கை விடுவது எளிது. 'இன்ன ஆண்டில், இன்ன கிராமத்தில், இத்தனை வீடுகளை உங்களைக் கேட்காமல் இடித்தோம்' என்று எழுதுவது கடினம். இரண்டாவதைத்தான் மக்கள் மன்னிப்பாக எடுத்துக்கொள்வார்கள். அதைக் கூட அவர்கள் மொழியில், அவர்கள் கிராமத்தில், அவர்கள் சொல்லும் நாளில் சொல்ல வேண்டும்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. தோட்டத்து லயங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட நினைவு நம் வீடுகளில் இன்னும் ஆறவில்லை. பினாங்கில் தமிழர்கள் வாழ்ந்த கம்போங் புவா பாலா 2009ஆம் ஆண்டில் தரைமட்டமானதை நாம் மறக்கவில்லை. கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் இடுகாட்டையும் விட்டுவிட்டு அடுக்குமாடியின் பத்தாம் மாடிக்குப் போன தாத்தா பாட்டிகளின் முகம் நமக்குத் தெரியும். அந்த நினைவு ஓராங் அஸ்லி மக்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க நமக்கு உதவும். ஆனால் 'எங்களுக்கும் இதே கதைதான்' என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். நாம் கம்பெனி நிலத்தில் உழைத்ததற்கு ஈடாக வீட்டுரிமை கேட்டோம். அவர்களோ கம்பெனியும் மாநிலமும் தோன்றுவதற்கு முன்பே அந்த நிலத்தில் இருந்தவர்கள். கோரிக்கையின் வேர் வேறு. நானே ஒரு கூட்டத்தில் இந்த ஒப்பீட்டைச் சொன்னேன். கூட்டம் அமைதியாகிவிட்டது, அந்த அமைதிக்கு என்ன பொருள் என்று எனக்குப் புரிய ஓராண்டு ஆயிற்று.

ஒப்புதல் என்பது ஒரு கையெழுத்தில் முடிவதில்லை

ஐக்கிய நாடுகள் சபை 2007 செப்டம்பர் 13ஆம் நாள் ஏற்ற பூர்வக்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு மலேசியாவும் ஆதரவாக வாக்களித்தது. கட்டாயமின்றி, முன்கூட்டியே, எல்லா விவரங்களையும் அறிந்து அவர்கள் தரும் ஒப்புதல் இல்லாமல் இடமாற்றம் கூடாது என்று அதன் 10ஆவது பிரிவு கூறுகிறது. நடைமுறையில் நடப்பது வேறு. அதிகாரிகள் இரண்டு வாகனங்களில் போவார்கள், பத்தின் எனப்படும் கிராமத் தலைவரைச் சந்திப்பார்கள், படங்களைக் காட்டுவார்கள், அவர் தலையசைப்பார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். மதிய உணவுக்குப் பிறகு அந்த வருகைப் பதிவேடு ஒப்புதல் படிவமாக மாறிவிடும். இது நான் கண்ணால் பார்த்தது.

பத்தின் நியமனத்தை அமைச்சர் உறுதிப்படுத்த வேண்டும் என்று 134ஆவது சட்டம் சொல்வதால், அரசாங்கம் ஏற்ற பத்தினும் கிராமம் மதிக்கும் மூத்தவரும் சில இடங்களில் வெவ்வேறு ஆட்களாக இருப்பார்கள். ஆகவே ஒருவரின் தலையசைப்பை ஊரின் முடிவாக எழுதாதீர்கள். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், அதுவும் ஒரு பெண் அதிகாரி பேசட்டும். சமையலறையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் இரவில் குழந்தை எங்கே தூங்கும் என்பதைப் பற்றியும் அவர்களுக்கே தெரியும். டுரியான் விழும் பருவத்தில் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். அதை 'ஆர்வமின்மை' என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். இரண்டு கூட்டங்களுக்கு இடையில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் குறைந்தது சில வாரங்களாவது விடுங்கள். கூட்டக் குறிப்பை மலாயில் எழுதி வாசித்துக் காட்டித் திருத்தம் கேளுங்கள். 'வேண்டாம்' என்ற பதில் வந்தால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு பறிபோகாது என்பதை எழுத்தில் கொடுங்கள்; அது இல்லாத இடத்தில் 'சரி' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

வீட்டின் பின்னால் ஒரு வீடு

உலு லங்காட் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பணி நிறைவுச் சோதனைக்குப் போயிருந்தேன். மக்கள் குடியேறி எட்டு மாதம் ஆன கல் வீடுகள் அவை. தகரக் கூரை, தாழ்ந்த உட்கூரை, சிமெண்டுத் தரை, முன்பக்கம் ஒரு கதவு, இரண்டு படுக்கையறைகள். முதல் வீட்டின் கூடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும் இரண்டு உர மூட்டைகளும் இருந்தன. அடுப்பங்கரை மேடையில் கரியின் சுவடே இல்லை. பின்கதவைத் திறந்தால், அங்கே மூங்கில் தரையும் பெர்த்தாம் ஓலைக் கூரையும் கொண்ட ஒரு பலகை வீடு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நின்றது. அதில் ஓர் அம்மா விறகடுப்பின் முன் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கைச் சுட்டுக்கொண்டிருந்தார். கல் வீட்டில் ஏன் இல்லை என்று கேட்டேன். "பகலில் அது சுடுகிறது, துவான். மழை பெய்தால் பேச்சே கேட்பதில்லை. பொருள் வைக்க நல்லது" என்றார். அலுவலகப் பதிவேட்டில் அந்த வீடு 'குடியேறியாயிற்று' என்றே இருந்தது.

தவறு எங்கே நடந்தது என்று பிறகு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அது எங்கள் நகர்ப்புறக் குறைந்த விலை வீட்டின் வரைபடம். தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். உயர்ந்த தரையின் அடியில் ஓடும் காற்று, மூங்கில் இடுக்கு வழியே விழுந்துவிடும் குப்பை, புகையால் பூச்சியரிக்காமல் இருக்கும் ஓலை, விருந்தினர் படியேறும் முன் நிற்கும் இடம் என்று அந்த அம்மாவின் வீட்டில் இருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. இதைச் சொல்வதனால் எல்லோருக்கும் ஓலை வீடே கட்ட வேண்டும் என்று பொருள் கொள்ளக் கூடாது. அதே கிராமத்தில் ஓர் இளம் தம்பதியர் கல் வீட்டையே விரும்பினார்கள். குளிரூட்டி மாட்ட மின்கம்பி எங்கே என்று கேட்டார்கள். விதவிதமான வரைபடங்களைக் காட்டி, ஒரு மாதிரி வீட்டைக் கட்டி, மூன்று மாதம் ஒரு குடும்பத்தை வாழவைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றைக் கட்டுவது செலவைக் குறைக்கும். வீடுகளை வரிசையாக நிறுத்தாமல் உறவுமுறைப்படி கூட்டமாக அமைக்கலாமா என்றும் கேளுங்கள். ஒருவர் இறந்த வீட்டை விட்டுவிட்டுப் போகும் வழக்கம் சில குழுக்களில் உண்டு. அங்கே பிரித்து மீண்டும் எழுப்பக்கூடிய பலகை வீடே அறிவுடைய தேர்வு.

பழுது யார் பொறுப்பு

'நாம் கட்டிக் கொடுத்தோம், அவர்கள் கெடுத்துவிட்டார்கள்' என்ற பேச்சை வீடமைப்பு அலுவலகங்களில் அடிக்கடி கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் மத்திய பாலைவனத்தில் பித்ஜன்ஜத்ஜாரா மக்களின் நிலத்தில் 1980களில் ஒரு மருத்துவரும் ஒரு கட்டடக் கலைஞரும் ஒரு மானிடவியலாளரும் சேர்ந்து தொடங்கிய 'வீட்டின் வழி நலம்' முறை இந்தப் பேச்சை உடைத்தது. குளிக்க முடிகிறதா, துணியும் படுக்கையும் துவைக்க முடிகிறதா, கழிவுநீர் வெளியேறுகிறதா, சமைக்க முடிகிறதா என்று ஒன்பது வாழ்க்கைத் தேவைகளை வைத்து வீட்டுக்கு வீடு குழாயையும் மின்சாரத்தையும் சோதித்தார்கள். சோதித்த அதே நாளில், அதே குழு, கையோடு கொண்டுவந்த கருவிகளால் பழுது பார்க்கத் தொடங்கியது; வேலை செய்யாமல் கணக்கெடுப்பு மட்டும் நடத்துவதில்லை என்பது அவர்கள் விதி. பழுதுகளின் காரணத்தை எண்ணிப் பார்த்தபோது, பெரும்பகுதி பராமரிப்பு இல்லாததால் வந்தது, அடுத்த பகுதி தொடக்கத்திலேயே மோசமாகக் கட்டியதால் வந்தது, குடியிருப்போர் கெடுத்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உள்ளூர் மக்களுக்கே பயிற்சியும் ஊதியமும் தந்து அவ்வேலையைச் செய்வித்தார்கள்.

நான் மேலே சொன்ன கிராமத்திலும் சமையல் தொட்டியின் கழிவுக் குழாய் எதனோடும் இணைக்கப்படாமல் சுவருக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. நிறைவுச் சான்றிதழில் அந்த வரிக்கு நேரே 'சரி' என்று குறியிட்டிருந்தார்கள். எனவே குத்தகை ஒப்பந்தத்தில், குத்தகையாளர் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுக் காலம் முடியும் முன் கிராமத்தார் ஒருவரும் உடனிருந்து சோதிக்க வேண்டும் என்றும், அவர் கையெழுத்தில்லாமல் பிணைத்தொகையை விடுவிக்கக் கூடாது என்றும் எழுதிவிடுங்கள். நாற்பது மைல் தள்ளி இருக்கும் குத்தகையாளரை எதிர்பார்க்காமல், கிராமத்து இளைஞர் இருவருக்குக் குழாய் வேலையும் மின் வேலையும் கற்றுக்கொடுத்து, உதிரிப் பொருள்களை அங்கேயே ஒரு கொட்டகையில் வைப்பது மலிவு.

நகரத்தில் இருப்பவர்கள்

வேலைக்கும் படிப்புக்கும் கோலாலம்பூர் வந்து வாடகை அறைகளில் தங்கும் ஓராங் அஸ்லி குடும்பங்களைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாதம் 124 ரிங்கிட் வாடகையில் மூன்று படுக்கையறைகள் தரும் பி.பி.ஆர். எனப்படும் அரசாங்க மக்கள் வீடமைப்புத் திட்ட வீடு அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் விண்ணப்பத்தில் சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் என்று கேட்கும்போது பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். அடாட் எனப்படும் வழக்காற்று முறைப்படி நடந்த திருமணத்துக்குத் தாள் இருக்காது. பத்தினின் உறுதிமொழியையோ ஜக்கோவாவின் கடிதத்தையோ ஏற்கும் வகையில் விதியைத் திருத்துவது ஓர் அலுவலகச் சுற்றறிக்கையில் முடியக்கூடிய காரியம். ஊரிலிருந்து உறவினர் வந்து மாதக் கணக்கில் தங்குவதை 'அனுமதியற்ற குடியிருப்பு' என்று அபராதம் போடாமல் இருக்கவும் வழி செய்ய வேண்டும். கோம்பாக் 12ஆவது மைலில் உள்ள ஓராங் அஸ்லி மருத்துவமனை, நோயாளியோடு குடும்பமும் வந்து தங்க இடம் கொடுத்த பிறகுதான் மக்கள் காட்டிலிருந்து தயங்காமல் வந்தார்கள். ஒரு மருத்துவமனையால் முடிந்தது வாடகை வீட்டுப் பிரிவால் முடியாதா?

கட்டுப்பாட்டைக் கைமாற்றுதல்

பூர்வக்குடி மக்கள் வீடமைப்புத் திட்டங்களை வகுப்பதில் பங்கேற்பதும், இயன்ற வரை தம் சொந்த அமைப்புகள் வழியே அவற்றை நடத்துவதும் அவர்கள் உரிமை என்று பிரகடனத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது. கனடாவில் வான்கூவர் நகரின் நடுவே ஸ்குவாமிஷ் மக்கள் தங்கள் சொந்த நிலத்தில் சுமார் 6,000 வீடுகள் கொண்ட திட்டத்தைக் கூட்டாளி நிறுவனத்துடன் சேர்ந்து எழுப்புகிறார்கள். கூட்டரசு வீடமைப்பு நிறுவனம் 2022ஆம் ஆண்டில் 140 கோடி கனடிய டாலர் கடன் கொடுத்தது. அங்கே அரசாங்கம் கடன் கொடுத்தவர், நிலத்துக்கு உரியவர் அம்மக்கள், திட்டத்திலும் அவர்கள் உடைமைப் பங்காளிகள். நம் ஊரில் அந்த அளவு இப்போதைக்கு எட்டாத உயரம்தான். ஆனாலும் பத்து வீடுகளின் கட்டுமானப் பணத்தைக் கிராமக் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைத்து, குத்தகையாளரை அவர்களே தேர்ந்தெடுக்கவிட்டு, உங்கள் பொறியாளரை அவர்களுக்கு ஆலோசகராக அனுப்பலாம். கணக்கு வழக்கு தவறிப்போகுமே என்று நிதிப் பிரிவு சொல்லும். நாம் நடத்திய திட்டங்களில் கணக்கு எத்தனை முறை தவறியது என்று அவர்களிடம் அன்புடன் கேட்டுப் பாருங்கள்.

ஓராண்டு கழித்து, முன்னறிவித்துவிட்டுத் தனியாக, பதாகையும் படப்பிடிப்பாளரும் இல்லாமல் அதே கிராமத்துக்குப் போங்கள். அடுப்பு எந்த வீட்டில் எரிகிறது என்று பாருங்கள். சுவரில் ஒட்டிய பழுது புகார் எண்ணை அங்கே நின்றபடியே உங்கள் கைப்பேசியில் அழையுங்கள். பல கிராமங்களில் அலைவரிசையே கிடைக்காது. கிடைக்கும் இடம் தேடி எத்தனை தூரம் நடந்தீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.